டாக்டர் செண்பகவல்லியின் புதன்கிழமை வகுப்பு

பின்வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் ஆய்வக ஊழியர்களே! என் முதல் வணக்கம் உங்களுக்கு. வணக்கம் மேடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு ஆண்டுகளாக அந்த வழக்கப்படியே பேசியவன் நான். ஆனால் யாருக்காக இன்று கூடியிருக்கிறோமோ அவர், உங்களை நிற்க வைத்துவிட்டுத் தாம் உட்கார்ந்த கூட்டம் ஒன்றுகூட இல்லை. முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, மருத்துவ மாணவர்களே, பச்சைமலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, எல்லோருக்கும் மேலாக, முப்பத்தாறு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த கணவர் திரு. அழகியமணவாளன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பூவரசன். இந்தக் கல்லூரியில் பொது மருத்துவப் பேராசிரியர். சென்ற வியாழக்கிழமை நம்மை விட்டுப் பிரிந்த டாக்டர் செண்பகவல்லி, இதே மருத்துவமனையின் மத்திய ஆய்வகத்துக்குப் பதினாறு ஆண்டுகள் தலைவராக இருந்தவர். உயிர்வேதியியல் பேராசிரியை. அறுபத்துமூன்று வயது. ஆசாரியன் திருவடி அடைந்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை வணங்குகிறேன். ஆனால் அவர் வேலை எந்தத் திருவடியையும் அடையவில்லை. அது பாதியில் நிற்கிறது. நிறுத்தப்பட்டு நிற்கிறது! அதைச் சொல்லத்தான் ஒலிபெருக்கி முன்னால் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரை அமைதியானவர் என்றார்கள். அன்பானவர் என்றார்கள். எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்றுகூட ஒருவர் சொன்னார். அழகியமணவாளன் சார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அனுசரித்துப் போனவரா? செண்பகவல்லியா? ஐயா, எனக்குத் தெரிந்த செண்பகவல்லி வேறு ஒருவர். அவரை உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், என் தவறு ஒன்றை இந்தச் சபையில் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வார்டில் ஓர் அம்மா சேர்க்கப்பட்டார். வேலம்மாள். பச்சைமலையில் மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். மூன்று நாள் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. கணவர் மூக்கன் அவரை உப்பிலியபுரம் வரை ஜீப்பிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். நடந்துதான் வார்டுக்குள் வந்தார் அந்த அம்மா. கட்டிலில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்தார்.

ரத்தம் எடுத்தவர் மேகனா. அப்போது ஹவுஸ் சர்ஜன். படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருந்த மருத்துவர். ஊதா மூடிக் குழாய் ஒன்று, சிவப்பு மூடிக் குழாய் ஒன்று. ஊதாவில் நிறைய ரத்தம் விழுந்துவிட்டது, சிவப்பில் போதவில்லை. நலிந்த உடம்பு, இன்னொரு முறை குத்த மனசு வரவில்லை. ஊதாவிலிருந்து கொஞ்சத்தைச் சிவப்பில் ஊற்றினார். ரத்தம் ரத்தம்தானே என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார்? ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருக்கிறது, அது பொட்டாசியம் கலந்த உப்பு, ஒரு சொட்டு கலந்தாலும் பொட்டாசியத்தை ஏற்றிக் காட்டும், கால்சியத்தை இறக்கிக் காட்டும் என்று நாலரை ஆண்டுப் படிப்பில் யாராவது அவருக்குச் சொன்னோமா?

ஆய்வகத்தில் அன்று பணியில் இருந்தவர் பஸீலா. இதோ, முன்வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்ததும் பஸீலாவுக்குச் சந்தேகம். பொட்டாசியம் எட்டுக்கு மேல்; ஐந்தைத் தாண்டவே கூடாது. கால்சியம் நாலு; ஒன்பதாவது இருக்க வேண்டும். உடனே வார்டுக்குப் போன் செய்தார். போனை எடுத்தவன் நான்.

"சார், இந்த ரெண்டு நம்பரும் சேரலிங்க சார். வேற சாம்பிள் ஒண்ணு அனுப்புறீங்களா?"

நான் சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "நம்பரைச் சொல்றது உங்க வேலைம்மா. அதை வச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியுமாம்! என்ன தெரிந்தது எனக்கு? பொட்டாசியம் எட்டு என்றால் இதயம் நின்றுவிடும், அது தெரியும். உடனே இன்சுலின் போட வேண்டும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதுவும் தெரியும். புத்தகத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் தெரியவில்லை.

இரண்டையும் கொடுத்தேன். மூன்று நாள் சாப்பிடாத உடம்பு அது; ஏற்றிய குளுக்கோஸ் இன்சுலினுக்கு ஈடாகவில்லை. பகல் ஒரு மணிக்குள் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி, வேலம்மாளுக்கு வலிப்பு வந்தது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பக்கத்தில் நின்ற தன் இளைய மகளைப் பார்த்து, "இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார். அந்த மகளின் பெயர் அவர் நாக்கில் திரும்ப வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

குடும்பத்தாரிடம் என்ன சொன்னோம் தெரியுமா? "காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு" என்றோம். நான் சொல்லவில்லை, என் உதவி மருத்துவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மறுக்கவில்லை.

மறுத்தவர் செண்பகவல்லி.

பஸீலா சொல்லக் கேட்டு அவரே வார்டுக்கு வந்தார். மீதமிருந்த ரத்தத்தை இரண்டாம் முறை பரிசோதித்துவிட்டு, வலிப்பு வந்த அன்று மாலை எடுத்த ரத்தத்தையும் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார். நேரே மூக்கனிடம் போனார். வார்டு நடுவில், எல்லோர் காதிலும் விழ, "ஐயா, உங்க சம்சாரத்துக்கு இப்படி ஆனது நோயால இல்ல. எங்களால. ரத்தம் மாறிக் கலந்துடுத்து. அதைக் கவனிக்காம மருந்து குடுத்துட்டோம்" என்றார். என்னைக் கைகாட்டவில்லை. மேகனாவையும் கைகாட்டவில்லை. எங்களால என்றார்.

 மூக்கன் கேட்டார்: "ஊத்துன புள்ள யாருங்க? தெனமும் வந்து அழுதுட்டுப் போவுதே, அதுங்களா?" ஆமாம் என்றார் செண்பகவல்லி. மூக்கன் சொன்னார்: "எங்க கொல்லையில மருந்தடிக்க வர்ற ஆளுக்குக்கூட எந்த டப்பா எதுக்குன்னு காமிச்சுட்டுத்தாங்க எறக்குவோம். இம்மாம் பெரிய ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளைக்கு யாரும் காமிக்கலியா?"

அந்தக் கேள்விக்கு இந்தக் கல்லூரியில் யாரிடம் பதில் இருந்தது? இன்றாவது இருக்கிறதா?

விசாரணைக் குழு உட்கார்ந்தது. 'ஆய்வகம் தவறான எண்ணைத் தந்தது' என்று முதலில் எழுதினார்கள். அந்த அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆம், போட்டேன்! செண்பகவல்லி ஆய்வகப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பதினொன்று இருபதுக்குப் பஸீலா தன் கையால் எழுதியிருந்தார்: எண்கள் சேரவில்லை, வேறு மாதிரி கேட்டேன், டாக்டர் மறுத்தார். அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். மறுநாள் அவர் அதன் பிரதிகளைக் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பிவைத்தார். அனுசரித்துப் போனாராம்!

ஆய்வகத்தின்மேல் போட முடியாது என்றானதும் குழுவுக்கு இன்னொரு கழுத்து தேவைப்பட்டது. மேகனா. பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டிப்பது, கண்டனக் குறிப்பு எழுதுவது என்று பேச்சு. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

அன்று பகல் செண்பகவல்லி என் அறைக்கு வந்தார். கையில் மூன்று காலிக் குழாய்கள். என் மேசையில் வரிசையாக நிறுத்தினார்.

"டாக்டர், இதுல எதை முதல்ல ரொப்பணும்?"

நான் பார்த்தேன். ஊதா, சிவப்பு, நீலம். இருபத்தைந்து ஆண்டு மருத்துவன். ஒரு நாளைக்கு ஐம்பது ரத்தப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுகிறவன். தங்கப் பதக்கம் வாங்கியவன்!

"தெரியல" என்றேன்.

"தப்பில்ல. உங்களுக்கும் யாரும் சொல்லித் தரல. அப்போ மேகனாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்னு எதிர்பார்க்கறேள்?"

அவ்வளவுதான். திட்டவில்லை. குழாய்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய்க் குழுவிடம் என் பழைய கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். போனில் நான் சொன்ன வார்த்தைகளை எழுதிக் கொடுத்தேன். ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போயிற்று. மேகனாவின் பெயர் அந்தக் கோப்பிலிருந்து நீங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். செண்பகவல்லி அங்கேதான் தொடங்கினார்! ஒருவரைக் காப்பாற்றியது போதாது, ஏன் நமக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். இருபது கேள்விகள் தயாரித்தார். எல்லாம் ரத்தப் பரிசோதனை பற்றி: எந்தக் குழாய், எவ்வளவு நேரம் தாங்கும், எந்த எண் பொய் சொல்லும், எந்தச் சோதனை தேவையே இல்லை. ஹவுஸ் சர்ஜன் முதல் பேராசிரியர் வரை நூற்று நாற்பத்தாறு பேரை உட்கார வைத்து எழுதச் சொன்னார்.

எனக்கு இருபதுக்கு ஒன்பது. என்னைவிட மூத்த ஒருவருக்கு ஆறு; அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், மேடை நடுங்கும். அனுபவம் ஏற ஏற மதிப்பெண் ஏறவில்லை. எனக்குத் தெரியும் என்ற தைரியம்தான் ஏறியிருந்தது. விடைத்தாளின் ஓரத்தில் 'எவ்வளவு நிச்சயம்?' என்றும் கேட்டிருந்தார். தவறான விடைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் 'முழு நிச்சயம்' என்று எழுதியிருந்தோம்!

ஆனால் பதினொரு பேர் மட்டும் பதினைந்து, பதினாறு என்று வாங்கியிருந்தார்கள். யார் அவர்கள்? மேதைகளா? தேடிப் பார்த்தார் செண்பகவல்லி. தோல் நோய் வார்டு ஒழுகுகிறது என்று பூட்டியிருந்த இரண்டு வாரம், வேறு இடமில்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட ஹவுஸ் சர்ஜன்கள்! கூரை ஒழுகியதால் கற்றுக்கொண்டவர்கள்! பஸீலாவோடு நின்று குழாய்களை வாங்கி, கெட்டுப்போன ரத்தத்தைக் கண்ணால் பார்த்து, "இதை ஏன் திருப்பி அனுப்புறீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். இரண்டே வாரம்.

அந்த இரண்டு வாரத்தை எல்லோருக்கும் கொடுங்கள் என்று அவர் நிர்வாகத்துக்கு நான்கு முறை எழுதினார். நான்கு முறையும் ஒரே பதில்: வார்டில் ஆள் போதாது. வார்டில் ஹவுஸ் சர்ஜன் என்ன செய்கிறார்? ரத்தக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுகிறார். வாசல் வரை ஓடலாம், உள்ளே வந்து கற்கக் கூடாது! இது என்ன நியாயம்?

அவர் ஐந்தாவது கடிதம் எழுதவில்லை. முன்பு ரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டிருந்து, பிறகு பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு, தாமே வகுப்பைத் தொடங்கினார். முதல் நாள் நான்கு பேர் வந்தோம். நானும் மேகனாவும் அதில் இருவர். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே படித்தோம். அந்த முதல் வகுப்புக்கு முன் அவர் பச்சைமலைக்குப் போய் வேலம்மாளைப் பார்த்து, "உங்க கதையைச் சொல்லித்தான் பாடம் நடத்தப்போறேன். சொல்லலாமா?" என்று கேட்டார். "சொல்லுங்கம்மா. எம்பேரு போட்டே சொல்லுங்க. இன்னொருத்திக்கு இது வரக்கூடாது" என்றார் வேலம்மாள்.

இரண்டு மாதத்தில் நிர்வாகத்திடமிருந்து ஓலை வந்தது. யாருடைய அனுமதியின் பேரில் வகுப்பு நடத்துகிறீர்கள்? அவர் ஒரே வரியில் பதில் எழுதினார். "நோயாளி வேலம்மாள் அவர்களின் அனுமதியின் பேரில்."

மாற்றல் உத்தரவு வந்தது. நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊர். இரண்டு ஆண்டுகள். அழகியமணவாளன் சாரைக் கேளுங்கள். இந்த வயசில் தனியாக எதற்கு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று அவர் கெஞ்சியிருக்கிறார். "நான் ஆத்துக்கு வந்து பெருமாளைச் சேவிச்சுண்டு உட்கார்ந்துட்டா, அந்த ரூமை மறுபடி பூட்டிடுவா" என்றாராம். மாதம் இரண்டு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மற்ற புதன்கிழமைகளில் வகுப்பை நடத்தியவர் யார்? பஸீலா! ஆய்வகத் தொழில்நுட்பர் பாடம் சொன்னார். மருத்துவர்கள் நின்று கேட்டோம். முதல் நாள் பஸீலா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினார். "நான் சொல்றது சரியாங்க சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. எனக்குத் தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன நேர்மையான வாக்கியங்களில் அது ஒன்று.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் வந்தார். காட்டூரிலிருந்து, உப்பிலியபுரத்திலிருந்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களும் செவிலியர்களும் வந்தார்கள். மேகனா இப்போது உப்பிலியபுரம் பக்கம்தான் மருத்துவராக இருக்கிறார். மலையிலிருந்து ஜீப்பில் குலுங்கி இறங்கும் ரத்தம் எவ்வளவு நேரத்தில் கெடும் என்று கணக்குப் போட்டு, ரத்தம் எடுக்கும் நேரத்தையே பஸ் நேரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளில் அறுநூறு பேருக்கு மேல் அந்த அறையில் நின்று படித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து அவர் படுத்தார். அந்த மாதமே, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வெளியாட்களும் மருத்துவர் அல்லாதோரும் வளாகத்தில் வகுப்பு நடத்தக் கூடாது. செண்பகவல்லி வெளியாளாம்! பஸீலா மருத்துவர் அல்லாதவராம்! அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

கடைசியாக நான் அவரோடு பேசியது, அவர் பிரிவதற்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. என் பிரிவில்தான் இருந்தார். கட்டில் ஓரத்தில் அன்றைய பரிசோதனைச் சீட்டு இருந்தது. பதினான்கு ரத்தப் பரிசோதனைகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பூவரசன், இதுல எந்த ரிசல்ட் வந்தா எனக்கு எதை மாத்தப்போறேள்?" என்றார். நான் பேனாவை எடுத்துப் பன்னிரண்டை அடித்தேன். "தேறிட்டேள்" என்றார். சிரிக்கவும் வலித்தது அவருக்கு.

பிறகு சொன்னார்: "எனக்கு எப்படியும் ஒரு கூட்டம் போடுவேள். என்னை மேதைன்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மேதைன்னு சொல்லிட்டா, இதெல்லாம் அவளுக்குத்தான் வரும்னு மத்தவா விட்டுடுவா. இது யாருக்கும் வரும். ரெண்டு வாரம் கத்துண்டா வரும்."

அதனால் நான் அவரை மேதை என்று சொல்ல மாட்டேன்.

முதல்வர் அவர்களே! சற்று முன் தாங்கள் ஓர் அறிவிப்புச் செய்தீர்கள். டாக்டர் செண்பகவல்லியின் படத்தை நூலகத்தில் திறந்து வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வையுங்கள், பூவும் போடுங்கள். ஆனால் பாடத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் படத்தைத் திறப்பதா? அன்று அவரை மாற்றியது தாங்கள் இல்லை; அறிவேன். பலகையில் இருக்கும் தாளில் இருக்கும் கையெழுத்து தங்களுடையது. அதையும் அறிவேன். தங்கள் கையெழுத்தைத் தாங்களே திரும்பப் பெறலாம். நான் பெற்றிருக்கிறேன். உயிர் போய்விடவில்லை.

எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். என்னை எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கிருந்து திருச்சிக்கு பஸ் உண்டு. வெளியாட்கள் நடத்தக் கூடாது என்கிறது தாள். நான் வெளியாள் இல்லை. மருத்துவர் அல்லாதோர் நடத்தக் கூடாது என்கிறது. நடத்தப் போகிறவன் மருத்துவன். தவறு செய்த மருத்துவன். அதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்? அருகில் பஸீலா நிற்பார். அவர் பாடம் நடத்த மாட்டார். நான் தப்பாகச் சொல்கிறபோது திருத்துவார். அதைத் தடுக்கும் தாள் இன்னும் அச்சாகவில்லை.

என் பிரிவில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள் எட்டுப் பேர். திங்கட்கிழமை முதல் இரண்டிரண்டு பேராக, இரண்டு வாரம், ஆய்வகத்துக்குள் போவார்கள். வார்டில் ஆள் குறைந்தால் ரத்தக் குழாய்களை நான் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். இந்த வயிற்றுக்கு அது நல்லதுதான்.

துறைத் தலைவர்களே, உங்கள் பிரிவிலிருந்தும் அனுப்புவீர்களா? இங்கே கண் துடைத்துக்கொண்ட எத்தனை பேர் அனுப்புவீர்கள்? பதிலை இப்போது சொல்ல வேண்டாம். வந்து காட்டுங்கள்.

வேலம்மாள் அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் அவர் இளைய மகள் மலர்க்கொடி. அம்மா, உங்களிடம் அன்று நான் பேசவேண்டியதைப் பேசவில்லை. ஒன்பது ஆண்டு தாமதமாக, இத்தனை பேர் முன்னால், மன்னிப்புக் கேட்கிறேன்.

புதன்கிழமை, பகல் இரண்டு மணி. அறை பூட்டியிருந்தால் வாசலில் நடத்துவோம். முதல்வர் அவர்களே, இதற்கு நான் அனுமதி கேட்கவில்லை. தாங்கள் வந்தால் நிற்க இடம் தருகிறோம்.